வயதான நாயின் மூட்டுவலிக்கு சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா?

உங்கள் லாப்ரடாருக்குப் பதினோரு வயது, காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் இழுக்கிறது, யாரோ சிபிடி (கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத ஒரு பொருள்) எண்ணெய் வாங்கச் சொன்னார்கள், வலி குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டு ஜிம்மிக்கும் இதே கதைதான் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நாய் படம் போட்ட ஒரு பாட்டில், விலையும் மலிவு. வாங்கி ஒரு மாதம் சோற்றில் கலந்து ஊற்றினேன். அப்புறம்தான் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: சணல் விதை எண்ணெய். கஞ்சா இனச் செடியின் விதையைப் பிழிந்து எடுப்பது அது. 2021 முதல் நம் நாட்டில் உணவுப் பொருளாகவே விற்கலாம். நல்ல எண்ணெய்தான், ஆனால் அதில் சிபிடி இல்லை என்றே சொல்லலாம். சிபிடி இருப்பது இலையிலும் பூவிலும். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூக்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத இலை அதில் வராது. அதனால் இலைச்சாற்றில் செய்த எண்ணெய், ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரோடு, ஆயுஷ் உரிமத்தில் கிடைக்கிறது. லேபிளில் எத்தனை மில்லிகிராம் சிபிடி என்று போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் வாங்காதீர்கள்.

சரி, வேலை செய்யுமா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. ஆனால் கணக்கில் வந்தவை பதினாறு நாய்கள்தான், எண்ணெய் தயாரித்த நிறுவனமும் ஆய்வுக்குப் பணம் கொடுத்திருந்தது. சில நாய்களுக்கு ரத்தத்தில் கல்லீரல் நொதி ஒன்றும் ஏறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விலங்குகளுக்கென்று எந்த சிபிடி மருந்தையும் இதுவரை அங்கீகரிக்கவில்லை.

அந்த அளவை ஜிம்மிக்குப் போட்டுப் பார்த்தேன். 34 கிலோ. வேளைக்கு 68, நாளைக்கு 136 மில்லிகிராம். நான் அடுத்து வாங்கிய பாட்டிலில் மொத்தமே 1000 மில்லிகிராம், ஒரு வாரத்தில் காலி! லேபிளோ ஐந்து சொட்டு போதும் என்கிறது. பாட்டில் 30 மில்லி. ஐந்து சொட்டு என்பது ஏறக்குறைய 8 மில்லிகிராம். சொட்டுக் கணக்கில் கொடுத்துவிட்டு ‘நல்லா கேட்குது’ என்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஜிம்மிக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன அளவில் மூன்று வாரம் கொடுத்தோம். இரவில் முனகாமல் தூங்கினான். ஆனால் அதே மாதம்தான் கிரானைட் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டோம், அம்மா ரகசியமாகப் போடும் பிஸ்கட்டையும் நிறுத்தினோம். எது கேட்டது என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. கால் வழுக்காமல் போனதே பாதி வலியைக் குறைத்திருக்கும் என்பது என் எண்ணம். இப்போது எண்ணெயை விட்டுவிட்டு, டாக்டர் எழுதிய மெலாக்சிகாம் என்ற வலிமருந்தில் ஓடுகிறது.

நீங்கள் முயன்று பார்ப்பதானால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வேறு மருந்துகளைக் கல்லீரல் கையாளும் வேகத்தை சிபிடி மாற்றும். வலிப்புக்கு பினோபார்பிட்டோன் சாப்பிடும் நாயென்றால் இன்னும் கவனம். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி, அது நாய்களுக்கு ஆகாது. கொடுத்த பிறகு தள்ளாடினால், சிறுநீர் சொட்டினால், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது விஷம். எண்ணெய் கேட்கவில்லை என்று நம் வீட்டு பாரசிட்டமால், இபுப்ரூஃபனைக் கொடுத்துவிடாதீர்கள். ஜிம்மியைக் காட்டும் கிளினிக்கில், பாசத்தில் யாரோ கொடுத்த ஒரே மாத்திரையால் சலைன் ஏறிக்கொண்டிருந்த பொமரேனியனைப் பார்த்திருக்கிறேன்.