வாசனை ஹைலைட்டர்: மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. சிறு வயதிலிருந்தே வீசிங் தொந்தரவு உண்டு. தினமும் தடுப்பு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறாள். பிறந்தநாளுக்கு அவளுடைய மாமா ஆரஞ்சு, வெனிலா, ஸ்ட்ராபெரி வாசனையுள்ள ஹைலைட்டர் செட் ஒன்றைக் கொடுத்தார். அவற்றை முகர்ந்துகொண்டே படித்தால் பாடம் மனதில் நன்றாகப் பதிகிறது என்கிறாள். இன்னொரு செட்டும் கேட்கிறாள். இந்த வாசனையால் மூச்சிரைப்பு வருமா? 3 வயது மகன் வேறு அவற்றை எடுத்து நக்கிப் பார்க்கிறான். மேலும் வாங்கித் தரலாமா?

மருத்துவர் பதில்: உங்கள் மகளுக்கு இன்னொரு செட் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அது நஞ்சு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஹைலைட்டர் மையில் பெரும்பகுதி பொதுவாகத் தண்ணீர்தான். அதோடு ஒளிரும் சாயம், முனை காய்ந்துபோகாமல் காக்கும் கிளைக்கால் வகைத் திரவம், பூஞ்சை வராமல் தடுக்கச் சிறிதளவு பதப்படுத்தும் பொருள் ஆகியவை கலந்திருக்கும். வாசனை ஹைலைட்டரில் இவற்றுக்கு மேல் ஒரு நறுமணக் கலவையும் சேர்கிறது. அந்தக் கலவையால் படிப்புக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கோ அது தொந்தரவாக மாறக்கூடும். பயனில்லாத ஒன்றுக்காகச் சிறிய ஆபத்தைக்கூட ஏற்க வேண்டியதில்லை.

அட்டையில் பழத்தின் படம் இருந்தாலும் மையில் இருப்பது பெரும்பாலும் பழச்சாறு அன்று. ஆரஞ்சு வாசனைக்கு லிமொனீன், வெனிலா வாசனைக்கு வெனிலின், வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிட்டேட், செர்ரி வாசனைக்குப் பென்சால்டிஹைடு என்று ஒவ்வொரு மணத்துக்கும் சில வேதிப்பொருள்கள் உண்டு. இவற்றில் பல, உணவுப் பண்டங்களிலும் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுபவை என்பதால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் உணவோடு வயிற்றுக்குள் போவது வேறு, மூக்கருகே பிடித்து மூச்சோடு உள்ளே இழுப்பது வேறு. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் ஓரளவு அழற்சியோடு இருக்கும். அங்குள்ள உணர்வு நரம்புகள் புகை, குளிர்காற்று, ஊதுவத்தி, வாசனைத் திரவியம் போன்றவற்றால் எளிதில் தூண்டப்பட்டு, இருமலையும் குழாய்ச் சுருக்கத்தையும் உண்டாக்குகின்றன. இது பெரும்பாலும் எரிச்சலால் வருவதே தவிர, தூசிப்பூச்சிக்கோ மகரந்தத்துக்கோ வருவது போன்ற ஒவ்வாமை அன்று. ஆகவே, தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து, வாசனை உங்கள் மகளை ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பரிசோதனை இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக ஏற்பட்டதே அன்று.

எல்லா ஆஸ்துமாப் பிள்ளைகளும் இவ்வாறு பாதிக்கப்படுவதில்லை. நோய் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால், திறந்த அறையில் இரண்டு வரிகளுக்கு நிறமிடுவதால் ஒன்றும் நேராமல் போகலாம். ஆனால் உங்கள் மகள் அதை முகர்ந்துகொண்டே படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தப் பழக்கம்தான். அவள் அதைப் பயன்படுத்திய நாள்களில் இருமல், நெஞ்சு இறுக்கம், இரவில் விழித்து இருமுதல், நிவாரண இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாக நாடுதல் ஆகியவை இருந்தனவா என்று கவனித்து, குறித்து வைத்து, அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி இருந்தால் ஹைலைட்டரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். இத்தனை சிறிய தூண்டுதலுக்கே மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்றால், தடுப்பு இன்ஹேலரின் அளவோ, அதை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் போன்ற கருவி) வைத்து இழுக்கும் முறையோ சரியாக இல்லாமல் இருக்கலாம். வாசனைப் பொருள்களை வீட்டிலிருந்து விலக்குவதைவிட, தடுப்பு மருந்தை விடாமல் எடுப்பதே அவளுக்குப் பன்மடங்கு பாதுகாப்பு.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2014-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஆஸ்துமா உள்ள 17 பேரை 15 நிமிடங்கள் ஒரே ரோஜா மணத்தை முகரச் செய்தார்கள். சிலரிடம் அந்த மணம் ஆஸ்துமாவுக்கு இதமானது என்றும், மற்றவர்களிடம் அது மூச்சுக்கு ஆகாதது என்றும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆகாது என்று கேட்டவர்களின் மூச்சுக்குழாய் அழற்சி அளவு கூடியது. மறுநாளும் அந்த உயர்வு குறையவில்லை. மற்றவர்களுக்கு அவ்வாறு ஏறவில்லை. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வுதான் என்றாலும், நோயாளிகளைப் பார்க்கும் எவருக்கும் இது வியப்பளிக்காது: அச்சமும் மூச்சுக்குழாயைத் தொடும். எனவே, “இதை முகர்ந்தால் உனக்கு மூச்சு நின்றுவிடும்” என்று மகளை மிரட்டாதீர்கள். வகுப்பில் பக்கத்துப் பெண் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் நடுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. “உன் மூச்சுக்குழாய்க்கு இந்த வாசனை வேண்டாம், வாசனையில்லாததை வாங்கிக்கொள்வோம்” என்று இயல்பாகச் சொன்னால் போதும். வகுப்பாசிரியரிடமும் அவ்வாறே, நெடி சூழும் இடத்தில் அவளை உட்கார வைக்காமல் சன்னல் ஓரம் மாற்றும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சில பெற்றோர் இதை ஒயிட்னர் முகரும் போதைப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்துப் பதறுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பாட்டிலில் விற்ற ஒயிட்னரிலும் தின்னரிலும் மூளையை மயக்கும் ஆவியாகும் கரைப்பான்கள் இருந்தன. அதனால்தான் 2012-இல் இந்தியாவில் அந்த வகை விற்பனைக்குத் தடை வந்தது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஹைலைட்டரில் அப்படிப்பட்ட கரைப்பான் இல்லை. ஆயினும், எழுதுபொருளை மூக்கில் வைத்து இழுப்பது இனிமையானது என்ற பழக்கம் சிறு வயதில் ஊன்றுவது எனக்கு உவப்பில்லை. ஏனெனில், ஆல்கஹால் கரைப்பான் கொண்ட பெர்மனென்ட் மார்க்கரும் அதே பென்சில் பவுச்சில்தான் இருக்கிறது.

தோல் பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்கரால் நகத்துக்கும் கைக்கும் நிறம் பூசிக்கொள்வது இந்த வயதில் சகஜம். லிமொனீன் காற்றில் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் பொருள்கள் தொடு ஒவ்வாமையைத் தோற்றுவிக்கக் கூடியவை. இலவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடும் அவ்வாறே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு ஆணை, ஒவ்வாமை தரக்கூடிய 55 நறுமணப் பொருள்களைப் பொம்மைகளில் சேர்க்கக் கூடாது என்று பட்டியலிட்டதற்குக் காரணம் இதுவே. ஆனால் ஹைலைட்டர் பொதுவாகப் பொம்மை என்ற வகைக்குள் வருவதில்லை. “நச்சற்றது” என்று அட்டையில் அச்சிட்டிருப்பதும், அந்த மணம் யாருக்கும் மூச்சிரைப்பையோ தடிப்பையோ தராது என்ற உறுதிமொழி அன்று.

இனி, மனப்பாடம். கற்கும்போது இருந்த மணம் நினைவுகூரும்போதும் இருந்தால் சற்றே உதவுகிறது என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் தேர்வுக் கூடத்தில் ஆரஞ்சு மணம் இராது. மேலும், தொடர்ந்து முகரும் மணத்துக்கு மூக்கு சில நிமிடங்களில் பழகி, அதை உணர்வதையே விட்டுவிடுகிறது. மணத்தை விடுங்கள், வரிகளுக்கு நிறமிடுவதே பெரிய பலன் தருவதில்லை. ஜான் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் பத்துக் கற்றல் முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஹைலைட் செய்வதைக் குறைந்த பயனுள்ள முறைகளில் வைத்தார்கள். தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதையும் மிகுந்த பயனுள்ளவையாக வைத்தார்கள். உங்கள் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்களிடம் சொல்லிக் காட்டட்டும். பாடம் பதிவதற்கு அது போதும்.

நிறம் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால் வாசனையில்லாத, தண்ணீர் மை கொண்ட சாதாரண ஹைலைட்டர் ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். ஒளிரும் நிறத்தில் வரும் மரப்பென்சில் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் மையும் இல்லை, மூடியும் இல்லை. மூச்சிரைப்போ தோல் ஒவ்வாமையோ ஒற்றைத் தலைவலியோ இல்லாத வேறு பிள்ளைகள் வாசனை ஹைலைட்டரை எப்போதாவது பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் வாசனைக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்று அவர்கள் கேட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

கையில் இருக்கும் செட்டை உடனே மகனின் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தின்பண்டம் போல மணக்கும் பொருளை 3 வயதுக் குழந்தை வாயில் வைப்பது இயல்பே. மையை நக்கியிருந்தால் நாக்கில் நிறம் படிவதைத் தவிர பொதுவாக ஒன்றும் நேராது. வாயைத் துடைத்துக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மையைவிட மூடிதான் ஆபத்தானது. 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பேனா மூடிகள் குறித்து ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தர விதி உண்டு. தொண்டையில் சிக்கினாலும் காற்று போவதற்கென மூடியில் துளை வைப்பது அதில் சொல்லப்படும் வழிகளுள் ஒன்று. துளை இருந்தாலும் சிறிய மூடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக் கூடும். மூடி காணாமல் போய், குழந்தைக்குத் திடீரென்று இருமல் தொடங்கினாலோ ஒரு பக்கமாக விசில் போன்ற மூச்சொலி கேட்டாலோ, இருமல் தானாக அடங்கிவிட்டால்கூட அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ உடனே அழையுங்கள்.