கோவையிலிருந்து நீலகிரி, கொடைக்கானல் வரை சைக்கிளில் போய்த் திரும்ப எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சாரம்: மூன்று நண்பர்கள், கியர் சைக்கிள். கோவையில் கிளம்பி கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் சுற்றி இறங்கி, பழனி வழியாகக் கொடைக்கானல், மன்னவனூர் வரை போக வேண்டும். நாளைக்கு 80 கி.மீ., கூடாரம், அடுப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 கிலோ, மொத்தம் ஒரு வாரம். சரிவருமா?

பயணம் சரிவரும். இந்தக் கணக்கு சரிவராது. சமவெளிக்குப் போடும் கணக்கை மலைக்குப் போட்டிருக்கிறீர்கள்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,790. நடுவில் 33 கி.மீ. அதாவது ஏறக்குறைய 1,470 மீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவு நாலரை சதவீதம். 65 கிலோ ஆள், 14 கிலோ சைக்கிள், 10 கிலோ பை. இந்த எடையை நாள் முழுக்கத் தாங்கக்கூடிய 100 வாட் உழைப்பில் ஏற்றினால் வேகம் மணிக்கு 8 கி.மீ.க்குக் கீழே இருக்கும். மிதிக்கும் நேரம் மட்டும் நாலேகால் மணி. அதே ஆள் 25 கிலோ ஏற்றினால் வேகம் 6.7-க்கு இறங்கும், நேரம் ஐந்து மணியைத் தொடும். ஓய்வு, டீ, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர் மதியம் ஒன்றுக்குக் கோத்தகிரியில் இருப்பார். ஓடியது 33 கி.மீ. தான், ஆனால் அன்றைய நாள் முடிந்தது.

அதனால் தினசரி இலக்கை ஏற்ற மீட்டரில் எழுதுங்கள். சுமையோடு போகும் சாதாரண உடல்நிலைக்காரருக்கு 1,000 மீட்டர் வசதியான நாள், 1,500 கடினமான நாள். கடினமான நாளுக்கு மறுநாள் அதில் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது. இப்படிப் பிரித்தால் உங்கள் பாதை தானாக ஒரு உருவத்துக்கு வரும். முதல் நாள் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், 35 கி.மீ., சமதளம், அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் கோத்தகிரி. மூன்றாம் நாள் ஊட்டி, 30 கி.மீ. உயரக் கணக்கில் வித்தியாசம் 450 மீட்டர் என்று வரைபடம் காட்டும், நம்பாதீர்கள்: சாலை தொட்டபெட்டா பிரிவு வரை ஏறிவிட்டுத்தான் ஊட்டிக்கு இறங்கும், நடுவிலும் ஏறி இறங்கும். நான்காம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை இறக்கம். அடுத்து கோவை, பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு சுமார் 140 கி.மீ. சமவெளி, இதை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கி.மீ., ஏற்றம் 1,800 மீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் பத்துப் பன்னிரண்டு கி.மீ. முன்பே பெருமாள் மலையில் படுத்துவிட்டு மறுநாள் காலை மீதியை ஏறுவதே நல்லது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகும்போது மொத்தத்தில் இறக்கம், அதனால் சுலபமாகத் தெரியும். திரும்பி வருவது ஏற்றம். பையை கொடைக்கானல் விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். பிறகு வத்தலக்குண்டு பக்கம் இறங்கி, கொடை ரோட்டில் ரயில் பிடிக்கலாம். ஆக, ஒரு மழை நாளையும் சேர்த்து 12 நாள் வேண்டும். ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் இரண்டு மலையில் ஒன்றை விடுங்கள்.

கூடாரத்தையும் அடுப்பையும் வீட்டிலேயே வையுங்கள். காப்புக்காட்டில் கூடாரம் போட அனுமதி கிடையாது. யானை நடமாடும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு நாள் முடிவிலும் ஊர் இருக்கிறது, அறை இருக்கிறது. இந்த ஒரு முடிவிலேயே ஐந்தாறு கிலோ குறையும்.

இனி கியர். கடைக்காரர் 21 கியர், 24 கியர் என்று எண்ணிக்கை சொல்வார், அது உதவாது. வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளை மிகச் சிறிய, அதாவது மிதிக்க மிகச் சுலபமான கியரில் வைத்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். பெடலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, சைக்கிள் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளங்கள். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால் 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 30-க்கு 34 என்றால் சுமார் 1.85 மீட்டர். சுமையோடு இந்த மலைகளுக்கு 1.5 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி, 1.9 வரை சமாளிக்கலாம். 2.2-ஐத் தாண்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அழுந்தும், இரண்டாம் நாளே வலி பிடிக்கும். பின்பக்க கேசட்டை (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) மாற்றுவது சைக்கிளையே மாற்றுவதை விட மலிவு. ஆனால் பெரிய பல்சக்கரத்தை உங்கள் பின் டிரெயிலியர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் கருவி) தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், செயினும் ஓரிரு கண்ணி நீளமாக வேண்டியிருக்கும்.

செயின் தேய்மானத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் ஒரு முள்ளின் நடுவிலிருந்து 24 முள் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. அதுவே 306.4-ஐத் தொட்டால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதுதான் பல்லை விட்டுத் தாவும். அந்த நொடியில் கால் வழுக்கி, பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்.

மூவரும் ஒரே அளவு சக்கரம், ஒரே வகை வால்வு வைத்துக்கொண்டால் உதிரிச் சுமை குறையும். ஆளுக்கு இரண்டு டியூப் என்று ஆறு தூக்குவதற்குப் பதில் மூவருக்கும் நான்கு போதும். ப்ரெஸ்டா வால்வு (மெல்லிய, நீளமான வகை) என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். வழியில் உள்ள பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அது இல்லாமல் பிடிக்காது. பொதுவாக ஒரு செட்: பஞ்சர் பேட்ச், மூன்று டயர் லீவர், நல்ல பம்ப், செயின் கட்டர், இரண்டு குயிக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி), அலென் கீ, கேபிள், ஸ்போக் கீ. தனித்தனியாக: அவரவர் சைக்கிளுக்கான டிரெயிலியர் ஹேங்கர் (டிரெயிலியரைச் சட்டத்தில் மாட்டும் துண்டு; ஒன்றின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, மலையில் கிடைக்காது), ஒரு ஜோடி பிரேக் பேட், சரியான நீளத்தில் மூன்று ஸ்போக்ஸ் கம்பி. சுமை ஏற்றினால் முதலில் அறுவது பின்சக்கரத்தின் செயின் பக்கக் கம்பிதான். கேரியர் போல்ட்டை தினமும் காலையில் விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வில் அது கழன்று விழுந்தால் பை சக்கரத்துக்குள் போகும்.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குக் கவலை இறக்கம்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது 1,500 மீட்டர் உயரத்தின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ரிம் பிரேக்கை (சக்கர வளையத்தையே பிடிக்கும் வகை) தொடர்ந்து அழுத்திப் பிடித்தபடி வந்தால் ரிம் சூடாகி, உள்ளே காற்றழுத்தம் ஏறி டியூப் வெடிக்கும், அதுவும் வளைவிலேயே. சரியான முறை: 25 கி.மீ. வேகம் வரை விடுங்கள், இரண்டு பிரேக்கையும் அழுத்தி 12-க்குக் கொண்டு வாருங்கள், முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில் காற்று குளிர்விக்கும். இந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு; மூன்று இடத்திலாவது ஒதுங்கி நில்லுங்கள். ரிம்மையோ டிஸ்க்கையோ தொட்டுப் பார்க்க வேண்டாம். ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். டிஸ்க்கில் பாட்டில் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வளைந்துவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் 36 வளைவுப் பாதையை நான் உங்கள் திட்டத்தில் வைக்கவே இல்லை. சுமையேற்றிய சைக்கிளுக்கு அது மிகச் செங்குத்து, கீழே முதுமலைப் புலிகள் காப்பகம்.

இறங்கும் முன் வியர்த்த பனியனை மாற்றுங்கள். ஏறி வந்த ஈரத்தோடு குளிர்காற்றில் இறங்கினால் கை விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. ஒரு காய்ந்த பனியன், விண்ட்சீட்டர், முழுக் கையுறை மூன்றையும் பையின் மேலேயே வையுங்கள்.

ஏறும்போது இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து, நாம் போகும் பக்கமும் அதுதான். வளைவுக்கு முன்பே கியரை இறக்குங்கள். பின்னால் ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும்.

பருவம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளையும் பழனி மலையையும் நேராகத் தாக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவுகள் அந்தப் பருவத்தில் வந்தவையே. ஜூன் முதல் செப்டம்பர் தென்மேற்கு மழை. ஏப்ரல், மே சீசன் நெரிசல். அப்போது போக்குவரத்தை ஒருவழியாக்கி, குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். நீங்கள் ஏறும் சாலையில் எதிரே வண்டி வெள்ளம் வரும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், அதனால் காலை ஏழரைக்கு முன் உருட்டாதீர்கள்.

கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்தில் யானை சாலையைக் கடக்கும், பலாப்பழக் காலத்தில் அதிகம். சைக்கிள் சத்தமே இல்லாமல் வருவது இங்கே குறை. வளைவு திரும்பியதும் யானை திடீரென்று முன்னால் நிற்கும். நன்றாக விடிந்த பிறகே மலையடியைக் கடங்கள், மூவரும் பேசிக்கொண்டே சேர்ந்து போங்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை தேயிலை ஓரத்திலும் தெருவிலும் நிற்கும். சாதுவாகத் தெரியும், பக்கத்தில் போய் போட்டோ எடுக்கக் கூடாது. குரங்குக்கு ஹேண்டில் பையின் ஜிப் திறக்கத் தெரியும்; சாப்பாட்டை அதில் வைக்காதீர்கள்.

கோத்தகிரி ஏற்றம் ஒன்றுக்கே 1,500 கலோரிக்கு மேல் செலவாகும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கிளம்பும் முன் இட்லி, பிறகு அரை மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலை மிட்டாய். தண்ணீர் மணிக்கு 500 முதல் 700 மி.லி. ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி, கலந்தால் போதும். ஊட்டி வர்க்கி (மொறுமொறு பேக்கரிப் பண்டம்) டீக்கு நன்றாக இருக்கும், ஏற்றத்தில் அதன் கொழுப்பு வயிற்றில் நிற்கும். ஊட்டியில் ஓய்வு நாளில் சாப்பிடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். சைக்கிளில் மாட்டும் பாட்டில் இரண்டு, கூட ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் ஒன்று. தண்ணீர் ஏடிஎம்முக்குச் சில்லறை. துணைக்குக் கார் வந்தால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது.

பயிற்சிக்குப் பத்து வாரம் வையுங்கள். வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு நீண்ட ஓட்டம். ஏழாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுச் சுமையோடு ஓட்டுங்கள். பலர் ஒரு நாள் நன்றாக ஓட்டுவார்கள். களைத்த காலோடு மறுநாள் ஏறிப் பழகியிருக்க மாட்டார்கள். எட்டாவது வாரம் ஏற்காடு போய் வாருங்கள். 20 கொண்டை ஊசி, அதே மாதிரிச் சரிவு. இறங்கியதும் சைக்கிளைக் கவிழ்த்து மூன்றைப் பாருங்கள்: கேரியர் போல்ட், பின்சக்கரக் கம்பியின் இறுக்கம், பிரேக் பேடில் மிச்சம் எவ்வளவு. டிஸ்க் பேடில் உராயும் பகுதி ஒரு மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அன்றே புதுசு போட்டுவிடுங்கள்.