கேள்வி – பதில்: விளையாட்டுக் கணினிக்கான பாகங்கள்

கேள்வி: விளையாட்டுகளுக்கான கணினி ஒன்றை முதன்முறையாக நானே பாகங்கள் வாங்கிப் பூட்ட விரும்புகிறேன். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் எதற்கு அதிகம் செலவிடலாம்? பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்கலாமா?

பதில்: முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1920×1080 திரையைவிட 3840×2160 திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதாலும், அவற்றை வரையும் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மீதே விழுவதாலும், பெரிய தெளிவுத்திறனை விரும்புவோர் செலவின் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குவது நல்லது. குறைந்த தெளிவுத்திறனில் மிக வேகமான போட்டி விளையாட்டுகளை ஆடுவோருக்கு பிராசஸரும் அதே அளவு முக்கியமாகிவிடும்.

எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில், பிராசஸரைப் பொருத்தும் இடமான சாக்கெட் உங்கள் பிராசஸருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனப் பிராசஸர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் கொண்ட போர்டுகள் டிடிஆர்5 வகை நினைவகத்தை (ராம்) மட்டுமே ஏற்கும்; பழைய டிடிஆர்4 அவற்றில் நுழையாது. ஒரே 16 ஜிபி ராமைவிட இரண்டு 8 ஜிபி ராம்கள் மேல், ஏனெனில் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரு பாதைகளில், தரவு விரைவாகப் பாயும்.

பவர் சப்ளையில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். அதன் மீதுள்ள 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே கூறுகிறது. மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் வசதிகளைத் தனியே பார்த்து வாங்குங்கள். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: வேறொரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிளை, முனை சரியாகப் பொருந்தினாலும் செருகாதீர்கள், உள்ளிணைப்பு மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும்.

கேபினெட் வாங்குமுன் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தை அளந்து ஒப்பிடுங்கள். பூட்டி முடித்தபின் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.