‘எல்லாம் உட்பட’ என்றால் எதெல்லாம்?

கேள்வி: ஐயா, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நாங்கள் 22 பேர் தாய்லாந்தில் உள்ள புக்கெட்டுக்குச் செல்லவிருக்கிறோம். அதில் ஒரு நாள் முழுக்க ஃபிஃபி தீவுகளுக்குத் தனிப் படகில் கொண்டாட்டப் பயணம். பாட்டு, மதிய உணவு, ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக் கடலுக்கடியில் பார்ப்பது) ‘எல்லாம் உட்பட’ ஒரே விலை என்கிறார் எங்கள் ஊர் பயண முகவர். முழுத் தொகையையும் இந்த வாரமே செலுத்தச் சொல்கிறார். செலுத்தலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முகவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு அவர் மனதில் ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் மனதில் வேறொரு பட்டியல் இருக்கும். இரண்டும் ஒன்றா என்பது படகுத்துறையில்தான் தெரியவரும்.

ஃபிஃபி தீவுகள் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 400 பாட் (தாய்லாந்து நாணயம்). 22 பேருக்கு 8,800 பாட். பல விளம்பரங்களில் இந்தத் தொகை சேர்ந்திருப்பதில்லை. காலையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறக் காத்திருக்கும்போது, “பூங்காக் கட்டணம் ரொக்கமாகக் கொடுங்கள்” என்று ஒருவர் வந்து நிற்பார். அந்த நேரத்தில் யார் சண்டை போடுவார்கள்? நீருக்கடியில் காலில் மாட்டும் ஃபின் வாடகை, விடுதியிலிருந்து துறைக்கு வேன், படகு ஒப்பந்த நேரத்தைத் தாண்டினால் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம் ஆகியவையும் இப்படித்தான் பின்னால் வந்து சேரும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் செய்தியானாலும் போதும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

படகையும் விசாரியுங்கள். எத்தனை பேர் ஏற அனுமதி பெற்ற படகு, 22 பேருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா, அங்கே படகை இயக்கும் நிறுவனத்துக்குத் தாய்லாந்துச் சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா, அதன் எண் என்ன? உரிம எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் அதுவே பதில். விரைவுப் படகு என்றால் முதுகு வலி உள்ளவர்களை முன்பக்கம் உட்கார வைக்காதீர்கள். அலையில் தூக்கிப்போடுவது அங்கேதான் அதிகம். இயந்திரச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பின்னால் உட்காருவது மேல்.

இன்னொன்று, விளம்பரத்தில் ‘மாயா விரிகுடாவில் நீச்சல்’ என்று இருக்கிறதா பாருங்கள். கூட்டம் பவளப்பாறைகளை அழித்ததால் ஃபிஃபி தீவுகளில் உள்ள அந்த விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகுகள் முன்பக்கமாக உள்ளே வர முடியாது. பின்புறத் துறையில் இறங்கி நடந்து போக வேண்டும். அங்கே நீந்தவும் அனுமதி இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டுதோறும் மூடிவிடுகிறார்கள். அங்கே நீச்சல் என்று எழுதியவர் அந்தப் பக்கம் போய்ப் பல வருடங்கள் ஆகியிருக்க வேண்டும், அல்லது போனதே இல்லை.

கேள்வி: எங்கள் தேர்வு முடிவது மே மாதக் கடைசியில். வானிலையால் படகு ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்காது, வேறு நாளுக்கு மாற்றித் தருவோம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் அங்கே தங்குவது எத்தனை இரவு? நான்கு என்றால், ‘வேறு நாள்’ எங்கிருந்து வரும்?

புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கத்தில் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை பருவமழை. மழை பெய்வதால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. காற்றும் அலையும் மிஞ்சினால்தான் நிறுத்துவார்கள். அதனால் நிபந்தனையை இப்படி மாற்றக் கேளுங்கள்: துறைமுக அதிகாரிகளோ படகு நிறுவனமோ பயணத்தை ரத்துசெய்தால், நீங்கள் ஊர் திரும்புவதற்குள் வேறு நாள் தர வேண்டும், தர முடியாவிட்டால் பணம் முழுதும் திரும்ப வேண்டும். கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். மழைக்காலத்தில் 22 பேர் கொண்ட குழு அவர்களுக்குச் சின்ன வியாபாரம் இல்லை.

பணம் செலவாகாத ஒரு தந்திரமும் உண்டு. படகுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காமல் போய் இறங்கிய மறுநாளே வையுங்கள். ரத்தானாலும் கையில் இரண்டு மூன்று நாட்கள் மிச்சமிருக்கும். மே மாதம்தான் போக முடியும் என்றால் கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய் தீவையும் யோசிக்கலாம். அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான்.

ரத்து என்றதும், “காசு கொடுத்திருக்கிறோம், எப்படியாவது கூட்டிப் போங்கள்” என்று மாலுமியை மட்டும் நெருக்காதீர்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயல் அலையில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். போகாத படகுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கேள்வி: நண்பர்கள் 22 பேரிடமும் பணம் வசூலித்து என் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது கேட்டால், “உன் போனிலேயே இருக்கிறதே அம்மா” என்கிறார். இப்போது இருவர் வரவில்லை என்று விலகி, பணத்தை என்னிடம் கேட்கிறார்கள். நான் கொடுக்க வேண்டுமா?

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது உங்களுடையதுதான். சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் பெண், சுற்றுலா முடிவதற்குள் பாதித் தோழிகளை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தனிப் படகுக்கு வாடகை படகுக்கே தவிர, தலைக்கு இல்லை. இருவர் குறைந்தாலும் டீசலும் மாலுமியின் கூலியும் குறையாது. உணவு, நுழைவுக் கட்டணம் போலத் தலைக்கணக்கில் மிச்சமாவதை மட்டும் முகவரிடமிருந்து வாங்கி அவர்களுக்குக் கொடுங்கள். மீதிக்கு அவர்கள் தங்களுக்குப் பதிலாக ஆள் பிடித்துத் தரட்டும். உங்கள் கையிலிருந்து கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. விலகினால் என்ன கிடைக்கும் என்பதை வசூலுக்கு முன்பே குழுவில் எழுதிப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ரசீது விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போனில் இருப்பது பணம் போனதற்குச் சாட்சி. என்ன சேவைக்குப் போனது என்பது அதில் இல்லை. பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள். பணம் அனுப்பியது நீங்கள் ஒருவர்தான் என்றாலும் சேவை பெறும் மற்றவர்களும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. எல்லோர் சார்பிலும் ஒருவர் நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் தரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தரலாம், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல முகவர்கள் அந்தக் கட்டத்திலேயே பில் புத்தகத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: படகில் ‘அளவில்லாத மது’ என்று தொகுப்பில் இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு வயது 19. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோம். கவலை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. தாய்லாந்தில் மது வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக, குடிக்க உரிமையில்லாத மதுவுக்குப் பாதிக் குழு பணம் கட்டுகிறது. மது இல்லாத விலை என்ன என்று கேளுங்கள், வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியம் தரலாம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். மது போதையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் உண்டு. நீர் விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டுப்பாடும் இருக்கலாம். கடலில் இறங்குகிறவர்கள் கரை சேர்ந்த பிறகு குடிக்கட்டும்.

கேள்வி: தீவில் ஜெட் ஸ்கீ (கடலில் ஓட்டும் நீர் ஸ்கூட்டர்) வாடகைக்கு எடுக்கப் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்களாமே, கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வண்டியைத் திருப்பித் தரும்போது பழைய கீறலைக் காட்டி, “நீதான் செய்தாய்” என்று பெருந்தொகை கேட்பது புக்கெட்டில் பெயர்போன மோசடி. பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் நீங்கள் பேரம் பேசவே முடியாது. நகலும் சிறிய ரொக்க முன்பணமும் போதாது என்றால் வேறு கடை பாருங்கள். ஏறும் முன் வண்டியை நான்கு பக்கமும், அடிப்பகுதியும் சேர்த்து, கடைக்காரர் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள். தகராறு முற்றினால் தாய்லாந்தின் சுற்றுலாக் காவல்துறை எண் 1155.