குட்டை முடிதானே, லாப்ரடார் வாங்கினால் வீட்டில் முடி அதிகம் கொட்டாது அல்லவா?

கொட்டும். அதுவும் தினமும் கொட்டும்.

அடுக்குமாடி வீடு, அம்மாவுக்கு வீசிங் உண்டு, லாப்ரடாருக்குக் குட்டை முடிதான் என்பதால் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் அப்படி நினைத்துத்தான் ஒன்பது வருடத்துக்கு முன் மணியைத் தூக்கி வந்தோம். கருப்பு லாப்ரடார். அப்பா வீட்டில் எப்போதும் வெள்ளை வேட்டிதான் கட்டுவார். குட்டியாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அந்த மெத்தென்ற முடி மாறிப் பெரிய நாயின் முடி வந்தபிறகு, துவைத்துக் காயவைத்த வேட்டியிலும் கருப்புக் கோடு கோடாக ஒட்டியிருந்தது.

முடியின் நீளத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை அடுக்கு என்று பாருங்கள். லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி வேலை செய்தவை. அதனால் மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த முடி என்று இரண்டு அடுக்கு. கொத்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் அந்த அடிமுடி. குளிர் நாடுகளில் பகல் நேரம் கூடிக் குறைவதை ஒட்டி, பருவம் மாறும்போது அது மொத்தமாக உதிரும். மணிக்கோ வருடம் முழுக்க உதிர்கிறது, பங்குனி சித்திரையில் இன்னும் அதிகம்.

அல்சேஷன் என்று நம் ஊரில் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், நாம் சடை நாய் என்று வளர்க்கும் பொமரேனியன் வகை எல்லாம் இதே இரட்டை அடுக்குக் கூட்டம்தான். பலரும் எதிர்பார்க்காதது பக். கையடக்கமான நாய், ஆனால் சோபா முழுக்க முடி. டால்மேஷனின் வெள்ளை முடி குட்டையாக, விறைப்பாக இருப்பதால் துணிக்குள் குத்தி நின்றுகொள்ளும்.

பூடில், ஷிட்சு போன்றவற்றுக்கு உதிர்வது குறைவு. ஆனால் முடி வளர்ந்துகொண்டே போகும், சீவாமல் விட்டால் சிக்கு விழுந்து தோல் புண்ணாகும். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு மெல்லிய குட்டை முடி, உதிர்வதும் குறைவு. ஆனால் அவை ஓடுவதற்கென்றே பிறந்தவை, மூன்றாவது மாடியில் அடைத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். மணிக்கு மூன்று வயதானபோது, வெயிலுக்கு நல்லது, முடியும் கொட்டாது என்று சொல்லி ஒரு கடையில் மெஷின் போட்டு ஒட்ட வழித்துவிட்டார்கள். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். உதிர்வது நிற்கவில்லை, துண்டு முடியாக உதிர்ந்து மெத்தையில் ஊசி மாதிரி குத்தியது. அடிமுடி முதலில் வளர்ந்துவிட்டது. முதுகில் மேல்முடி சீராக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வெயில் நேராகத் தோலில் படாமல் காப்பதே அந்த மேல்முடிதான். அந்தக் கோடையில் அவன் முதுகைத் தொட்டாலே சிணுங்குவான். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது செய்வது இதுதான்: தினமும் மாலையில் மொட்டை மாடியில் பத்து நிமிடம், முதலில் ரப்பர் பிரஷ், அப்புறம் அடிமுடியை எடுக்கும் அகலப் பல் சீப்பு. குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை, அதுவும் நன்றாகச் சீவிய பிறகு. வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் முடி பறந்து வேறு இடத்தில் போய் உட்காரும், ஈரத்துணியால் வழித்தெடுப்பதே நல்லது. உடம்பில் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ ஓயாமல் சொறிந்தாலோ அது சாதாரண உதிர்வு இல்லை. உண்ணி, பூஞ்சை, தைராய்டு என்று எதுவாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாவின் விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒவ்வாமை தருவது நாயின் எச்சிலிலும் தோல் செதிளிலும் உள்ள புரதம். முடி அதைச் சுமந்து பரப்புகிறது, அவ்வளவே. ஆகவே முடி கொட்டாத இனமும் அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்று உறுதியில்லை. முதலில் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், லாப்ரடார் இருக்கும் தெரிந்தவர் வீட்டுக்கு அம்மாவை நாலைந்து முறை அழைத்துப் போய், ஒரு மணி நேரமாவது உட்காரவைத்துப் பாருங்கள். மூச்சு இரைத்தால் வேண்டாம். போன வருடம் எங்கள் தெருமுனையில் ஒரு கோல்டன் கழுத்துப் பட்டையோடு இரண்டு நாள் நின்றுகொண்டிருந்தது. முடி தாங்கவில்லை என்று விட்டுப் போயிருக்கிறார்கள். யார் வண்டி வந்து நின்றாலும் ஓடிப்போய்க் கதவை மோந்து பார்த்தது.