தோட்டத்தை எழுதிக்கொடுப்பது

வணக்கம் சார்,

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அப்பா 1971இல் வாங்கியது. ஓட்டு வீடு, நாலு அறை, சுற்றி ஒரு ஏக்கர் இருபது சென்ட். வாங்கும்போது வெறும் மேடு. நாற்பது வருடத்தில் அம்மாதான் அதைத் தோட்டமாக்கினார். கமேலியா, மக்னோலியா, வாசல்வரை நீல ஹைட்ராஞ்சியா வரிசை, பின்னால் பிளம்ஸும் பேரியும்.

போன வருடம் அம்மா தவறிவிட்டார். நான் கோவையில், தங்கை பெங்களூரில், தம்பி டொராண்டோவில். விற்றுவிடலாம் என்று மூன்று பேரும் பேசி முடித்துவிட்டோம். புரோக்கர், ‘தோட்டத்துக்கெல்லாம் தனி விலை கிடையாது, மரத்தை எடுத்துச் சமப்படுத்திவிட்டால் வியூ கிடைக்கும், சென்ட்டுக்கு நல்ல விலை போகும்’ என்கிறார். தங்கையோ, தோட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வதாகப் பத்திரத்தில் எழுதித் தருபவருக்குத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறாள். இப்போதைக்குத் தோட்டக்காரர் ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார்.

குன்னூர் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். நாங்கள் செய்வது சரியா? விளம்பரத்தை எப்படி எழுதுவது?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சரியா தவறா என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று ஊரில் மூன்று பேர் இருந்துகொண்டு ஒரு மலை வீட்டைக் காப்பாற்ற முடியாது. ஆள் புழங்காத ஓட்டு வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த மழைக்கு உத்தரம் ஊறிவிடும். விற்றுவிடுங்கள்.

ஆனால் புரோக்கர் சொல்வதைக் கேட்டு மரத்தில் கை வைத்துவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் என்று 1955இல் வந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் பட்டா நிலம்தான், உங்கள் அம்மா கையால் நட்ட மரம்தான், இருந்தாலும் அதற்கான குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. வழக்கு வந்தால் புரோக்கர் மேல் வராது, உங்கள் மேல்தான் வரும். அப்புறம், சரிவை வெட்டிச் சமப்படுத்துவது. 2009 நவம்பரில் ஒரு மழையில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேரைப் பிடுங்கிவிட்டு வியூ விற்கிற ஆளிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

தங்கையின் நிபந்தனையும் நடக்காது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 11: முழுசாக விற்றுவிட்ட நிலத்தை வாங்கியவர் இன்ன மாதிரிதான் அனுபவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினால், அவர் அதை மதிக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே உங்களுக்கு வேறு நிலம் இருந்து, அதன் நன்மைக்காக விதித்த நிபந்தனை என்றால் கதை வேறு. உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே மரத்துக்காவது ஒரு சட்டம் இருக்கிறது, ஹைட்ராஞ்சியாவுக்கு அதுவும் இல்லை.

பழைய கிரயப் பத்திரங்களில் ஒரு தொடர் வரும், பார்த்திருப்பீர்கள். ‘நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண ஆகாமி சித்த சாத்தியங்கள்’ என்று பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் எழுதிக்கொண்டு போவார். புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் அதில் அடக்கம். எனக்கு அதில் பிடித்த சொல் ஆகாமி. இனிமேல் வரப்போவது. அடுத்த டிசம்பரில் பூக்கப்போகிற கமேலியாவையும் சேர்த்துத்தான் நீங்கள் எழுதிக்கொடுக்கிறீர்கள். அந்தத் தொடரில் விட்டுப்போன ஒன்றை எங்கள் வீட்டில் விற்றபிறகுதான் தெரிந்துகொண்டோம்.

குன்னூரில் பாட்டி வீட்டை 1998இல் விற்றோம். ஆறு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில் கேரட். சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டம்மா வெளியே வந்தார், யாரென்று சொன்னேன். அவர் குனிந்து இரண்டு கேரட்டைப் பிடுங்கி, தழையை முறுக்கி எறிந்துவிட்டு, மண்ணை முந்தானையில் துடைத்துக் கையில் கொடுத்தார். நின்ற இடத்திலேயே தின்றேன். நல்ல இனிப்பு.

ரோஜாவை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். “நாங்க எங்க சார் எடுத்தோம்? வந்த முதல் மழைக்கே இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டிப்போச்சு. என்ன செய்யறதுன்னு கேக்க ஆளில்ல.”

எப்போது கவாத்து செய்வது, மழைக்கு முன்னால் எந்த மருந்தை அடிப்பது என்பதெல்லாம் பாட்டிக்கும் தோட்டக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பாட்டி போய்விட்டார். தோட்டக்காரரைப் பத்திரம் பதிந்த மாதமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டோம், இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை, ஒரு வேட்டி சட்டை. பாத்தி செத்தது அந்த அம்மாவால் இல்லை.

உங்கள் கடிதத்தில் கமேலியாவுக்குப் பெயர் இருக்கிறது. தோட்டக்காரர் ‘ஒருவர்’. முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். எத்தனை வருடமாக வருகிறார், வாங்குகிறவர் வைத்துக்கொண்டால் இருப்பாரா, இல்லையென்றால் அவருக்கு என்ன தர வேண்டும் என்று பேசி முடியுங்கள். மூன்று பங்காகப் பிரிப்பதற்கு முன்னால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பனி இறங்கும் இரவுகளில் எந்தச் செடிக்கு மிலார் (சின்னக் கொம்பும் தழையும்) வைத்து மூடுவது, மழைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் திரும்பும், எந்த பிளம்ஸ் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும். அந்த ஹைட்ராஞ்சியா நீலமாக இருப்பதே அங்குள்ள புளிப்பு மண்ணால்தான். புதிதாக வருபவர் நல்லது செய்வதாக நினைத்துச் சுண்ணாம்பைப் போட்டால் வரிசை முழுக்க ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். இதையெல்லாம் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.

தங்கையிடம் இதையும் சொல்லுங்கள். ‘அப்படியே’ என்று எதுவும் அந்த மலையில் இருந்ததில்லை. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபோது அங்கே இருந்தது பெரும்பாலும் சோலையும் புல்வெளியும். கேரட்டும் உருளையும் அதற்கப்புறம் வந்தவை. கமேலியாவும் வந்த செடிதான், எதிர்ச்சரிவில் இருக்கும் தேயிலைக்குப் பங்காளி முறை. அம்மாவுக்குப் பிறகு வருபவர் கொஞ்சம் மாற்றத்தான் செய்வார். தெரிந்து மாற்றட்டும்.

ஆவண விஷயம் சுருக்கமாக: வாரிசுச் சான்றிதழ், மூவர் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று. தம்பி டொராண்டோவிலிருந்து அனுப்பும் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இனி விளம்பரம். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ வேண்டாம். அப்படி எழுதினால் ரிசார்ட்காரர்கள்தான் வருவார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கோத்தகிரி அருகே குடும்ப வீடு, தோட்டத்துடன் விற்பனைக்கு. 1 ஏக்கர் 20 சென்ட், ஓட்டு வீடு, நான்கு அறைகள். தோட்டம் நாற்பது ஆண்டு வளர்ந்தது. பிளம்ஸ் —, பேரி —, கமேலியா —, மக்னோலியா —. மரங்களை அனுமதியின்றி வெட்ட முடியாது. காட்டெருமை வந்து போகும் ஊர், வேலியை நம்ப முடியாது. தோட்டக்காரர் — — ஆண்டுகளாக வேலை செய்கிறார், தொடர விருப்பம். வீட்டைப் பார்க்க வருபவர்களுக்குத் தோட்டத்தை அவரே சுற்றிக்காட்டுவார். நேரில் மட்டும், காலையில்.”

விட்டிருக்கும் இடங்கள் உங்கள் கடிதத்தில் இல்லாதவை. இந்த வாரக் கடைசியில் மேலே போய், எண்ணி, நிரப்பிக்கொள்ளுங்கள்.