மாடல் செய்வோருக்கான துளைக் கருவிகள்: செலவைக் குறைத்து வாங்குவது எப்படி?

கேள்வி: 1/100 அளவில் ஒரு சரக்குக் கப்பல் மாடலை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டில் செய்துவருகிறேன். அதன் பக்கச் சுவர்களில் வட்டச் சன்னல்கள் வேண்டும். மேல்தளத்தில் நிறுத்தும் எண்ணெய் டிரம்களுக்கு மூடிகளும் வேண்டும். வெளிநாட்டுப் பஞ்ச்-டை செட் (வெட்டும் பஞ்ச் கம்பிகளும், அவை நுழையும் துளைகள் கொண்ட டை என்ற கட்டையும்) பல ஆயிரம் ரூபாய் விலை சொல்கிறது. அதை வாங்கித்தான் ஆக வேண்டுமா? (வாசகர், குளச்சல்)

பதில்: உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. கருவி வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: ஷீட்டில் விழும் துளை உங்களுக்கு வேண்டுமா, அல்லது வெட்டுப்பட்டு வெளியே வரும் வில்லை வேண்டுமா? கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே கருவியால் செய்யலாம் என்று சொன்னாலும், மலிவான கருவிகளில் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றை மட்டுமே ஒழுங்காகத் தரும்.

என்ஜின் பட்டறைகளில் கேஸ்கட் வெட்டப் பயன்படும், குழாய் வடிவ வட்டப் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் பெரும்பாலும் வெளிப்புறம் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். சுத்தியலால் அடிக்கும்போது, குழாய்க்குள் சிக்கும் வில்லையின் விளிம்பு நேராக நிற்க, வெளியே இருக்கும் ஷீட்டோ அந்தச் சரிவு தள்ளுவதால் நசுங்கி, துளையைச் சுற்றி மேடு தட்டிவிடும். எனவே மூடி, சக்கரம் போன்ற வில்லைகளுக்கு இந்தப் பஞ்ச் பொருத்தமானது. பார்வையில் படும் துளைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

30 முதல் 40 செ.மீ. வரை விட்டமுள்ள கப்பல் சன்னல், 1/100 அளவில் 3 முதல் 4 மி.மீ. ஆகிறது. பக்கச் சுவர் வளைந்தும் கனமாகவும் இருக்கும் என்பதால், பஞ்சை அங்கே பயன்படுத்தவே வேண்டாம். விரலால் சுழற்றும் பின் வைஸில் 1 மி.மீ. டிரில் பிட்டைப் பொருத்தி முதல் துளையைப் போட்டு, படிப்படியாகப் பெரிய பிட்டுக்கு மாறி, கடைசிக் கால் மில்லிமீட்டரை வட்ட அரத்தால் தேய்த்து எடுப்பதே செலவும் சேதமும் குறைந்த வழி. பிட் வாங்கும்போது ஹை-ஸ்பீடு ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு பிட்டுகள் மிகக் கூர்மையானவை என்றாலும், கை சற்றே சாய்ந்தால் நடுவில் ஒடிந்துவிடும்.

டிரம் மூடிக்கு இன்னும் எளிய வழி உண்டு. 200 லிட்டர் டிரம்மின் விட்டம் சுமார் 58 செ.மீ.; உங்கள் அளவில் அது 5.8 மி.மீ. கோப்புத் தாள்களில் ஓட்டை போடும் அலுவலகப் பஞ்சின் துளை ஏறத்தாழ 6 மி.மீ. என்பதால், கால் மி.மீ. கனமுள்ள ஷீட்டை அதில் வைத்து அழுத்தினால் போதுமான அளவுக்குச் சரியான மூடிகள் கிடைத்துவிடும். அதைவிடக் கனமான ஷீட்டை அதில் திணிக்க வேண்டாம். இடைப்பட்ட அளவுகளுக்கு, பெல்ட்டில் ஓட்டை போடும் சுழல்தலைப் பஞ்ச் போதும். அதில் வழக்கமாக 2 முதல் 4.5 மி.மீ. வரை ஆறு குழாய்கள் இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தக் கருவியை, இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட, கோட்டாறு, மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. குழாயின் வாயை வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பாருங்கள். எங்கேனும் பொட்டுப்போல் ஒளி மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று பொருள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பிக் காட்டாது.

வட்டப் பஞ்சை அடிக்கும்போது அடியில் இரும்போ கல்லோ வைக்காதீர்கள். மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகமோ பிளாஸ்டிக் காய்கறிப் பலகையோ வையுங்கள். குளச்சல் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று சில வாரங்களிலேயே விளிம்பில் துரு ஏற்றிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் வைப்பது அவசியம்.

கேள்வி: நான் 1/35 அளவில் ராணுவ டாங்கி செய்கிறேன். போல்ட் தலைகளுக்காக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வில்லைகள் வேண்டும். மலிவான பஞ்ச்-டை செட்டை நம்பலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: 25 மி.மீ. போல்ட் தலை உங்கள் அளவில் சுமார் 0.7 மி.மீ. தான். பெல்ட் பஞ்சால் இது முடியாது. பஞ்ச்-டைக்கு உண்மையான தேவை இங்குதான் எழுகிறது. அந்தக் கருவியின் விலை முழுவதும் பஞ்சுக்கும் டையின் துளைக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் அடங்கியிருக்கிறது. கால் மி.மீ. ஷீட்டுக்கு அந்த இடைவெளி மயிரிழையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எனவே செட்டில் எத்தனை பஞ்ச் இருக்கிறது என்பதைப் பார்த்து மயங்காமல், அதன் மிகச் சிறிய பஞ்சில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து வெட்டிப் பாருங்கள். வட்டம் சுத்தமாக அறுந்து விழுந்தால் வாங்கலாம். தாள் அறுபடாமல் மடிந்து துளைக்குள் இறங்கினால், ஸ்டைரீனும் அப்படியே பிசிறு தட்டும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒடிந்த பஞ்சுக்கு மாற்று தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் ஒடிவது எப்போதும் மிகச் சிறியதுதான்.

செட் வாங்கப் பணம் சேரும்வரை, பசை ஊற்றப் பயன்படும் மொட்டை முனை ஊசிகளை முயன்று பார்க்கலாம். 18 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.8 மி.மீ., 21 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.5 மி.மீ. முனையின் வெளிப்புறத்தை எண்ணெய்க்கல்லில் சாய்வாகத் தீட்டி, மெல்லிய ஷீட்டில் அழுத்தித் திருகினால் வில்லை உள்ளே நிற்கும். மெல்லிய கம்பியால் பின்னாலிருந்து தள்ளி எடுக்கலாம். வட்ட ஸ்டைரீன் கம்பியை பிளேடால் சீவினாலும் போல்ட் தலைகள் கிடைக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் எனக்கு இந்த வழியே பிடிக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய செட்டில் 1 மி.மீ. பஞ்ச் அதன் துளைக்குள் நுழையவே இல்லை. திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அப்படி மறுக்க அவருக்கு உரிமையில்லை. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுப்பதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் மேல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. பஞ்சையும் துளையையும் ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பொருள் விவரம் இருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் இன்றே சேமித்துவையுங்கள், ஏனெனில் புகார் போனபின் அந்தப் பக்கத்து வாசகங்கள் மாறிவிடக்கூடும்.